பச்சை ஒயர்

கணக்கு வாத்தியாரிடமிருந்து போன் வந்தபோது ஆம்பிளிஃபயர் மெக்கானிக்குக்குத் தலைக்கு மேல் வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே கேட்டார்.

"பாட்டே போடலைன்னாலும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரே சத்தம். உள்ள வண்டு பூந்த மாதிரி."

"எர்த்தைக் கழட்டிட்டுப் பாருங்க சார். சத்தம் நின்னா சொல்லுங்க, நேர்ல வரேன்."

ஆம்பிளிஃபயர் பிளக்கில் இருக்கும் எர்த்தைத்தான் அவர் நினைத்தார். அதுவும் சோதித்துப் பார்க்க, ஐந்து நிமிடத்துக்கு. ஆனால் எந்த எர்த் என்று சொல்லவில்லை. வாத்தியாரும் அப்புறம் கூப்பிடவில்லை. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று மெக்கானிக் அதை மறந்தே போனார்.

நான்கு மாதம் கழித்து வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். மகள் தன் கம்ப்யூட்டரை ஆம்பிளிஃபயரோடு இணைத்ததிலிருந்து புதிதாக ஒரு இரைச்சலாம்.

காலை பத்து மணிக்கு மெக்கானிக் போனார். கூடத்துச் சுவரில் வாத்தியார் மனைவியின் படம் மாலையோடு மாட்டியிருந்தது.

"என்ன சார் இது?"

"மூணு மாசம் ஆச்சு. குளிக்கப் போனா, வரலை. கதவை உடைச்சுப் பாத்தோம். ஹார்ட்டுன்னு டாக்டர் சொன்னார்."

படத்தைக் கும்பிட்டுவிட்டு மெக்கானிக் ஆம்பிளிஃபயர் முன்னால் உட்கார்ந்தார். அதன் இரும்புப் பெட்டியில் விரல் வைத்தால் இரைச்சல் குறைந்தது, எடுத்தால் ஏறியது. டெஸ்டரை வைத்தார். எரிந்தது.

"வீட்டுக்கே எர்த் இல்ல சார்."

"நீங்க கழட்டச் சொன்னீங்களே, அதான்" என்று வாத்தியார் மெயின் போர்டைத் திறந்து காட்டினார். பச்சை ஒயர் தனியாகத் தொங்கியது. முனையில் டேப்பை நறுவிசாகச் சுற்றியிருந்தார். "கழட்டின உடனே கப்சிப். அப்படியே விட்டுட்டேன்."

மெக்கானிக் அந்த ஒயரைத் திரும்ப முடுக்கினார். கம்ப்யூட்டர் இரைச்சல் நின்றது. பழைய சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, வீட்டு சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. கடைசியாக வாத்தியார் குளியலறை ஹீட்டரைப் போட்டார்.

'ம்ம்ம்' என்றது ஸ்பீக்கர்.

"அதேதான்! இந்தச் சத்தம்தான்!" வாத்தியார் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஹீட்டரை அணைங்க சார்." மெக்கானிக் எழுந்தார். "இதைத் தினமும் போடுவீங்களா?"

"அவ போன நாள்லேருந்து போடறதில்ல. பொண்ணு பயந்துக்கிட்டு அடுப்புலதான் தண்ணி காய வச்சுக் குளிக்கறா." சொல்லிக்கொண்டே வெளியே வந்தவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். "ஏன்?"

சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மெக்கானிக் சொன்னார்.

"ஹீட்டர்ல கரண்ட் கசியுது சார். எர்த் இருந்த வரைக்கும் அது வழியா மண்ணுக்குப் போயிட்டு இருந்துச்சு, அதான் ஸ்பீக்கர்ல சத்தம். எர்த்தை எடுத்ததும் போக வழியில்லாம ஹீட்டர்லயும் குழாய்லயும் நின்னுடுச்சு."

வாத்தியார் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுது சார். எந்த எர்த்னு நான் சொல்லலை."

"நீங்க பாக்கத்தான் சொன்னீங்க. திரும்ப மாட்டாதது நான்."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மன்னிச்சுக்காதீங்க" என்றாள். அழவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெக்கானிக் ஹீட்டரைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டு வந்தார். அந்த வாரமே மகள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா போன் செய்தால் எடுப்பதில்லை என்று மெக்கானிக் கேள்விப்பட்டார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் வாத்தியார் கூப்பிட்டார். மெக்கானிக் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த மாதிரி ஷாக் அடிச்சா கத்த முடியுமா?"

"ஏன் சார்?"

"அன்னிக்கு நான் கூடத்துல பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன். சத்தமா வச்சு."

முடியும் என்றாலும் முடியாது என்றாலும் அந்த மனிதர் அதோடுதான் மிச்ச நாளைக் கழிக்க வேண்டும்.

"தெரியலை சார்" என்றார் மெக்கானிக். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

வாத்தியார் போனை வைக்கவில்லை. மெக்கானிக்கும் வைக்கவில்லை.