பக்கத்து இருக்கை

ஆஸ்பத்திரியில் அவளைக் காதுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கும் அறை அவளுடையது. சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் நோயாளி ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே இயந்திரத்தின் முன் அவள். இவள் இங்கே அழுத்தினால் அங்கே மெல்லிய விசில் ஒலிக்கும். கேட்டவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். இவள் பக்கம் ஒரு விளக்கு எரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் வேலை. அவள் அனுப்பும் எந்தச் சத்தமும் அவள் காதில் விழுந்ததில்லை.

சில நேரம் அவள் எதையும் அனுப்பாமலே விளக்கு எரியும். அதற்காக நோயாளி பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. காத்துக்கொண்டிருக்கும் காது தானாகவே எதையாவது கேட்டுக்கொள்ளும். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விசிலுக்குப் போய்விடுவாள்.

நாளெல்லாம் இப்படி நிசப்தத்தில் கிடந்தவளுக்குச் சத்தத்தின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று சிக்னலில் உறுமிக்கொண்டு நின்றது. அந்த உறுமல் காதுக்கு வருவதற்குள் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிட்டது. அன்றே கணவரிடம் அந்த மாதிரி ஒரு வண்டி வாங்கப்போவதாகச் சொன்னாள்.

"உனக்கா?" அவர் சாப்பிட்ட கையை அந்தரத்தில் நிறுத்தினார். "நீ ஓட்டுறது ஆட்டோமேட்டிக். அதையே ரிவர்ஸ் எடுக்கணும்னா என்னைக் கூப்பிடுற."

"கத்துக்குவேன்."

"அது கியர் வண்டிம்மா. தெரியாதவங்க ஏறினா குதிரை மாதிரி தூக்கிப் போட்டுடும்."

அவள் ஒற்றைக்காலில் நின்றாள். டிரைவிங் ஸ்கூலின் அடிபட்ட பழைய வண்டியில் சில வாரம் கிளட்சை மிதித்துப் பழகினாள். சொல்லிக்கொடுத்தவர் கடைசி நாளில், "இதை ஓட்டுறீங்க, சரி. பெரிய எஞ்சினா இருந்தா கொஞ்சம் யோசிங்க" என்றார். அவள் யோசிக்கவில்லை. வண்டி விற்பனைக்கு என்ற விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு நேரே ஒரு தையல்காரரின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

தையல்காரருக்கு அறுபது இருக்கும். கழுத்தில் டேப் தொங்கக் கதவைத் திறந்தவர், வெட்டிய துணிகளைத் தாண்டித் தாண்டி அவளைப் பின்பக்க ஷெட்டுக்கு அழைத்துப்போனார். வண்டியின் மேல் அவரே தைத்த போர்வை. தூங்குகிறவர் மேலிருந்து எடுப்பது போல அதை மெதுவாக விலக்கினார். கருநீலம். இரண்டு கதவு. பின்னால் இருக்கை என்ற பெயரில் ஒரு இடுக்கு.

"என் வீட்டுக்காரியோடது. பஸ் டிரைவரா இருந்தா. தினமும் ஊரையே ஏத்திக்கிட்டு ஊர்ந்து ஊர்ந்து போறவ, லீவு நாள்ல பறந்தாத்தான் மனசு ஆறும்பா. போன வருஷம் காய்ச்சல்னு படுத்தா. அவ்வளவுதான்."

"நீங்க ஓட்டுறதில்லையா?"

"எனக்கு வரலைம்மா. பக்கத்துல உக்காந்து சொல்லித்தான் குடுத்தா. தையல் மெஷின்ல ஒரே மிதி. இதுல மூணு. எதை எப்ப விடுறதுன்னு காலுக்குப் புரியவே மாட்டேங்குது."

அவள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கையை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவளுக்கு அளவெடுத்து வைத்தது போல இருந்தது. அளவெடுத்தே பழகிய அந்த மனிதர் அதைக் கவனித்தார். 

பேச்சு முடிந்து, சாவி கைமாறி, அவள் வண்டியைக் கிளப்பினாள். கேட்டைக்கூடத் தாண்டவில்லை. வண்டி குலுங்கி முன்னால் ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆனது. எஞ்சின் நின்ற அந்த வெறுமையில் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ச்சு."

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம். அதில் கோபமில்லை. பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் தாய் வாயிலிருந்து வருமே, அப்படி. திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. தையல்காரர் தூரத்தில் ஷெட் வாசலில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். சூடான இரும்பு ஆறும்போது இப்படி ஒலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வண்டி இன்னும் சூடாகவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அவள் மானம் ஊர் முழுக்கக் கப்பலேறியது. சிக்னலில் ஆஃப். பாலத்து ஏற்றத்தில் ஆஃப். ஆஸ்பத்திரி வாசலில், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் பார்க்க, ஆஃப். பின்னால் ஹாரன்கள் அலறும். அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனால் ஹாரனை மீறி, காதருகே தெளிவாக, ஒவ்வொரு தடவையும் "ச்சு."

காதை நம்பியே பிழைப்பவள் சும்மா இருக்க முடியுமா? கூட வேலை செய்யும் தோழியை இயந்திரத்தின் முன் உட்கார வைத்து, தானே கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு பிழை இல்லை. வராத சத்தத்துக்கு அவள் விரல் ஒருமுறைகூட அசையவில்லை. செல்போனில் பதிவு செய்து பார்த்தாள். எஞ்சின் நிற்பது கேட்டது, அவளுடைய மூச்சு கேட்டது, வேறெதுவும் பதிவாகவில்லை.

ஒருநாள் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அழைத்துப்போனாள். தெருமுனை தாண்டுவதற்குள் அவர் நெளிய ஆரம்பித்தார்.

"ஏசியைக் குறை. மடியெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

"ஏசி போடலையே."

அவர் ஏசித் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு தொடைகளைத் தடவினார். "நிறுத்து. நான் நடந்து வர்றேன்" என்று இறங்கியவர், அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. கேட்டால் முதுகுவலி என்பார்.

பயமில்லை என்று சொல்ல முடியாது. வண்டியை விட்டு இறங்கும்போது பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் இறங்கப் பழகினாள். ஆனாலும் ஒன்று நடந்தது. அந்தச் சத்தம் வரவர முந்திக்கொண்டது. வண்டி நின்ற பிறகு வந்துகொண்டிருந்தது, நிற்கப்போகும் கணத்துக்கு முன்பே வர ஆரம்பித்தது. "ச்சு" என்றால் இவள் கால் தானாகக் கிளட்சை மறுபடி அமுக்கும், வண்டி பிழைத்துக்கொள்ளும். அப்படியே அவள் காலுக்குப் புரிந்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில் ஒரு நூல்கூடப் பின்வாங்காமல் ஏறினாள். அகலச் சாலையில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது வண்டி கொடுத்த கர்ஜனையில் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

அன்றோடு "ச்சு" நின்றுபோனது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சொல்லிக்கொள்ளாமல் யாரோ எழுந்து போய்விட்ட மாதிரிதான் இருந்தது.

மனசு கேட்கவில்லை. நீளம் குறைக்க ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனாள்.

"வண்டி ஒழுங்கா ஓடுதாம்மா?"

"ஓடுது. ஆனா, சார், தப்பா நினைக்காதீங்க. ஆஃப் ஆனா உள்ள ஒரு சத்தம் வந்துட்டிருந்துச்சு."

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். மெஷின் நின்றது. அவளைப் பார்க்காமல், ஊசியைப் பார்த்தபடியே, "ச்சு" என்றார். அதே சத்தம். அதே அளவு.

"இதானே?"

அவள் தலையாட்டினாள்.

"அது எனக்குச் சொல்றதும்மா. நான் ஒவ்வொருதடவை ஆஃப் பண்றப்பவும் சொல்லுவா." டேப்பைக் கழற்றி விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். "இந்த ஒரு வருஷமா வீட்டுல ஒரு சத்தமும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்குக் கேட்டிருக்கு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை அழைத்துக்கொண்டு கிடங்குகள் இருக்கும் பக்கம் போனாள். விடுமுறையில் அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும். முன்கதவைத் திறந்துவிட்டாள். அவர் ஏறவில்லை. "நான் பின்னாடியே இருந்துக்கிறேன்" என்று அந்த இடுக்குக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்காக அவள் கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி துள்ளி நின்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை.

"நீங்க வேணும்னே விடுறீங்க," என்றார் அவர். "அவளை ஏமாத்த முடியாதும்மா. எத்தனை டிரைவரைப் பாத்தவ." முன்னால் எட்டி ஸ்டியரிங்கைப் பார்த்து, "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றார்.

இடம் மாறினார்கள். இப்போது அவள் பின்னால். முன்னால் அவர், பக்கத்தில் வெற்று இருக்கை. அவர் கிளட்சை விட்டதும், வேண்டுமென்றே செய்தாலும் வராத மோசமான குலுக்கலோடு வண்டி நின்றது. அவள் காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் தையல்காரரின் பிடரி விறைத்தது. பக்கத்து இருக்கையின் பக்கம் மெல்லத் திரும்பினார். முகம் அப்படியே கோணிக்கொண்டு வந்தது.

"சரி, சரி," என்றார். "பாதி வரைக்கும் விட்டுட்டுப் பிடிக்கிறேன். கோவிச்சுக்காதே."

மறுபடி கிளப்பினார். வண்டி தட்டுத்தடுமாறி நகர்ந்தது. முனையில் திரும்பும்போது காலியான முன்னிருக்கையின் தோல், ஒரு உடம்பு சாய்ந்தால் முனகுவது போல முனகியது. அது மட்டும் அவளுக்குக் கேட்டது. அவள் கால்களை ஒடுக்கிக்கொண்டாள். ஒரு கணவன் மனைவிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்ட கூச்சம்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் ஓட்டினார். இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியைப் படிய வாரிக்கொண்டு வருவார். ஓட்டும்போது பேசிக்கொண்டே இருப்பார்: எந்த வீட்டில் கல்யாணத் துணி தைக்கக் கொடுத்தார்கள், யார் இடுப்பு பெருத்துவிட்டது, கூரையில் எங்கே ஒழுகுகிறது. பதிலுக்கு இடம் விட்டு விட்டுப் பேசுவார். காதுக்காரம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர் கற்றுக்கொண்டுவிடுவார் என்று அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வாரத்துக்கு வாரம் குலுக்கல் குறைந்தது. பேச்சில் அவர் விடும் இடைவெளிகள் சுருங்கின. தனக்கு நின்றது போல இவருக்கும் அது நின்றுவிடும் என்று சொல்லிவிடலாமா என வாய்வரை வந்தது. எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிறு அவர் கிடங்குச் சாலையைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, கடைத்தெரு நெரிசலில் நின்று நின்று நகர்ந்து, தன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். வழியில் ஒருதடவைகூட ஆஃப் ஆகவில்லை. பாதி வழியிலேயே அவர் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்.

எஞ்சினை அணைத்தார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"ரொம்ப நல்லா ஓட்டினீங்க, சார்," என்றாள் அவள்.

"ஆமாம்மா. வந்துடுச்சு." சாவியை உருவிப் பின்னால் நீட்டினார். "இனிமே ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்காரரோட போய்ட்டு வாங்க. எனக்காகக் காத்திருக்க வேணாம்."

"அடுத்த வாரம் வாங்க, சார். சும்மாவாவது வாங்க."

அவர் இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். முன்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாக இறங்க எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம்.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

கதவை மெதுவாகச் சாத்தினார். கேட்டிலிருந்து வாசற்படி வரை போகும் குறுகலான பாதையில், ஒரு ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு நடந்தார். கதவைத் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் உள்ளே போனார்.