இடது பக்கப் பந்து

பந்து இடது பக்கமிருந்து வந்தால் கோமளா கத்த வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருசனுக்காகச் சத்தம் போடும் பொண்டாட்டியை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கோயம்புத்தூரில் புதிதாக வந்த கால்பந்து கிளப் ஆள் எடுக்கிறது. கோல்கீப்பர் இடம் ஒன்றே ஒன்று. அவள் புருசன் தபனைத் தவிர வந்தவர்கள் எல்லாம் மீசை அரும்பும் வயசு.

தபன் ஒடிசாவிலிருந்து கைக்குழந்தையாக ஆனைமலைக்கு வந்தவன். அப்பனும் அம்மாவும் நார் மில்லில் தேங்காய் நார் காயப்போட, அந்தக் களத்திலேயே பந்து பிடித்து வளர்ந்தான். ஊர் அவனை இந்திக்காரப் பையன் என்றது. அவனுக்கு இந்தியில் ஒரு வார்த்தை வராது. பெங்களூர் கிளப் சம்பளத்துக்கு எடுத்த வருசம், அதே ஊர்க்காரர்கள் 'ஆனைமலையின் மைந்தன்' என்று பிளெக்ஸ் வைத்தார்கள். அந்த பிளெக்ஸ் யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கோ கூரையானபோது அவனுடைய இடது கண் போயிருந்தது. எதிரணிக்காரனின் பூட்ஸ் பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சரியாகிவிட்டது என்று கிளப்பில் சொல்லிச் சொல்லி ஒரு சீசனை ஓட்டினான். அப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை.

"இன்னொரு கண்ணுலயும் அடி பட்டுதுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது தபனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு வேறென்ன தெரியும் அம்மணி? நார் உதர்றதுக்கா எங்கம்மா என்னையப் பந்தாட அனுப்பி வெச்சுது?" கோமளாவிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

முதல் பந்து இடமிருந்து சீறி வந்தது. "ஏனுங்க!" என்று கத்தினாள். தபன் பாய்ந்து தட்டிவிட்டான். இரண்டாவதும் அப்படியே. கோச் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். கோமளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிடைத்துவிடும் போலிருந்தது.

அடுத்தது கார்னர். பையன்கள் கூட்டமாக எகிறினார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்து விழுந்த தபனின் முகத்தில் ஒருத்தனின் முழங்கால் இறங்கியது. எழுந்தபோது வலது புருவம் கிழிந்து ரத்தம். புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரித்தான். அவளைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் இருந்த இடத்துக்கல்ல, நாலடி தள்ளி, வெறும் வேலிக்கு.

மறுபடியும் இடமிருந்து ஒரு பந்து. வேகமே இல்லை, சின்னக் குழந்தைகூடப் பிடிக்கும். கோமளா வாயைத் திறந்தாள். கம்பி உள்ளங்கையில் பதிந்ததுதான் தெரிந்தது. பந்து புல்லில் உருண்டு அவனைக் கடந்து வலையில் போய் நின்றது. பந்து எங்கே என்று தபன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

கோச்சின் சிரிப்பு நின்றது. தபனையே சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

தபன் வேலியோரம் நடந்து வந்தான்.

"கத்துனியா கோமளா? எனக்குக் கேக்குலியே."

"கத்துனனுங்க." அவள் முந்தானையால் புருவத்தை அழுத்திப் பிடித்தாள். "காத்து அடிக்குதுல்லீங்க, அதுல போயிருச்சாட்ட இருக்குது."

"ஆமா. காத்துதான்" என்றான்.

பிறகு முகத்தைச் சற்றே தூக்கி, காற்றைத் தேடுகிறவனைப்போல நின்றான். அவனுக்கு இடது பக்கம் கார்னர் கொடி கொஞ்சமும் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.