துள்ளாத பந்து

வலைத்தளங்களில் பொத்தான்களை ஆட்டி வைப்பதுதான் அவன் பிழைப்பு. அலுவலகத்தில் அவனைத் துள்ளல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கை பட்ட பக்கத்தில் ஏதாவது ஒன்று துள்ளாமல் இருக்காது. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை அப்படி என்னதான் வேலை பார்க்கிறார் என்று மாமனார் ஆசையாகக் கேட்டார். மவுஸ் கிட்டே வந்தாலே நெளிந்து விலகிக்கொள்ளும் ஒரு பொத்தானைத் துள்ளல் பெருமையோடு காட்டினான். பெரியவர் மூன்று முறை துரத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா நிஜமாவே அமுக்க வந்தவன் என்ன பண்ணுவான்?" என்றார். ஆனால் அதே பொத்தானுக்கு ஒரு மாநாட்டில் பரிசு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தொழிலில் மாநாடுகளுக்குப் பஞ்சமே கிடையாது. கழுத்தில் அட்டை, தோளில் இலவசத் துணிப்பை, லேப்டாப் மூடி தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர். காலையில் ஒருவர் ஆட்டிக் காட்டுவார், இன்னொருவர் ஆகா என்பார். மத்தியானம் அவர் ஆட்டுவார், இவர் ஆகா என்பார். துள்ளல் ஏழு வருடமாகக் கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கும் சின்ன அறைகளிலேயே பேசிக்கொண்டிருந்தான். இந்த வருடம்தான் பெரிய அரங்கில் இருபது நிமிடம் கிடைத்திருந்தது. அங்கே பெயர் எடுத்தால் அடுத்த வருடம் தொடக்க உரை. அந்தத் தொடக்க உரைக்காக அவன் எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தான், வீட்டில் சொல்வதைக் காதில் வாங்குவதைத் தவிர.

வீட்டில் சொன்னது அவன் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருடமாக அவளுக்கு உள்காதில் ஏதோ கோளாறு. கண்ணெதிரே எது ஆடினாலும் தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் நேரம் பாருங்கள், அவள் பள்ளியின் மதிப்பெண் பதிவுப் பக்கத்தைச் செய்து கொடுத்ததே துள்ளல்தான். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை அடித்தால் மேலேயிருந்து ஒரு பந்து விழும். மூன்று முறை துள்ளும். அப்புறம்தான் எண் கட்டத்தில் உட்காரும். பாஸ் என்றால் வண்ணக் காகிதம் கொட்டும். ஃபெயில் என்றால் பக்கமே லேசாக நடுங்கும், அது அனுதாபமாம். ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், நாற்பது பந்து. கணக்குப் பரீட்சை வேறு, நடுக்கத்துக்கும் குறைவில்லை.

அவள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தாள், துணி மடிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பிரச்சினை என்றால் முறைப்படி புகாராகப் பதிவு செய்ய வேண்டும், அப்போதுதான் பட்டியலில் ஏறும் என்று அவன் விளக்கினான். டீச்சர் ஆயிற்றே, முறைப்படியே செய்தாள். புகார் எண் 412: "பந்து துள்ளுவதால் தலை சுற்றுகிறது. பத்துப் பேருக்கு மதிப்பெண் போட்டால் ஒரு முறை படுத்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. பந்தை நிறுத்த வழி உண்டா?"

புகார் துள்ளலிடமே வந்து சேர்ந்தது. அவன் வீட்டிலிருந்து வேலை பார்த்த நாள் அது. பக்கத்தைத் திறந்து பார்த்தான், பந்து கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் துள்ளியது. தனக்குத் தலை சுற்றுகிறதா என்றும் மனசாட்சியோடு ஒரு நிமிடம் கவனித்தான். சுற்றவில்லை. "என் கணினியில் இந்தப் பிரச்சினை வரவில்லை" என்று எழுதிப் புகாரை மூடினான். புகார் கொடுத்தவள் அப்போது அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

இத்தனைக்கும் மருந்து அவன் கையிலேயே இருந்தது. கணினியில் "அசைவைக் குறை" என்று ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டுவிட்டால், அதற்கு மரியாதை கொடுக்கும் வலைப்பக்கங்கள் ஆட்டம் பாட்டத்தை நிறுத்திக்கொள்ளும். அலுவலகத்தில் பக்கங்களைச் சோதனை பார்க்கும் அம்மாள் ஒற்றைக்காலில் நின்றதால், மதிப்பெண் பக்கத்திலும் அதற்கென்று இரண்டு வரி நிரலை வேண்டாவெறுப்பாகச் சேர்த்திருந்தான். சேர்த்ததுதான் சேர்த்தோம் என்று மாநாட்டு உரையில் பதினாலாவது ஸ்லைடாகவும் போட்டுக்கொண்டான்: "தலைசுற்றல் உள்ளவர்களையும் நாங்கள் மறப்பதில்லை." ஊருக்கெல்லாம் சொல்லப்போகிற விஷயத்தை வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

சோதனை அம்மாளுக்கு, மற்றவர்கள் மூடிய புகார்களைத் திறந்து படிக்கும் கெட்ட பழக்கம் உண்டு. 412ஐப் படித்தாள். அது யார் வீட்டுப் புகார் என்று அவளுக்குத் தெரியாது. அந்த செட்டிங் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று பொறுமையாக ஒரு பதில் எழுதி அனுப்பினாள். மாநாட்டுக்கு முந்தின நாள், துள்ளல் கண்ணாடி முன்னால் நின்று தன் உரைக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் மனைவி அவனுடைய லேப்டாப்பை எடுத்து வைத்து, பதிலில் இருந்தபடியே செய்தாள். ஒரு வகுப்பு முழுவதையும் படுக்காமல் போட்டு முடித்தாள். செட்டிங்கைத் திருப்பி மாற்ற மறந்துபோனாள்.

மறுநாள் துள்ளலுக்கு முன்னால் பதினொரு பேர் பேசியிருந்தார்கள். பதினொரு பேர் திரையிலும் ஏதோ சுழன்றது, வெடித்தது, உருகியது. கூட்டம் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. துள்ளல் மேடையேறி, மூச்சை இழுத்துவிட்டு, தன் பந்துக்குக் கட்டியம் கூறினான். முப்பத்தேழு என்று அடித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தான். ஆகா வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். முப்பத்தேழு கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பந்தைக் காணோம். தொண்ணூறு அடித்தான், தொண்ணூறும் போய் உட்கார்ந்தது. வண்ணக் காகிதம் ஒரு துண்டு விழவில்லை. பன்னிரண்டு அடித்தான், பக்கம் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. இப்படி நடக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அந்த லேப்டாப்பைத் தொடுகிற இன்னொரு கை வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ஒரு நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போது முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். யாரென்று பார்த்தால் அந்த வருடத் தொடக்க உரை ஆற்றிய தாடிக்காரர். காலையிலிருந்து நொந்துபோயிருந்த கூட்டம், ஒன்றும் ஆடாத ஒரு பக்கத்தைப் பார்த்த நிம்மதியில், எழுந்து நின்று தட்டியது. அசைவு மாநாட்டில் அசையாமையைக் காட்டத் தனித் துணிச்சல் வேண்டும் என்று தாடிக்காரர் மைக்கை வாங்கிச் சொன்னார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார்.

உண்மையைச் சொல்ல நல்ல இடம் அதுதான். 'என் மனைவி செட்டிங்கை மாற்றிவிட்டாள், நான் அவள் பேச்சைக் கேட்டதே இல்லை' என்று சொன்னால் முடிந்தது, தொடக்க உரையும் முடிந்தது. துள்ளல் தொண்டையைச் செருமினான்.

"ஆறு மாசம் தலைசுத்தல் இருக்கிறவங்க பக்கத்துல உட்கார்ந்தோம். அவங்க சொல்றதைக் கேட்டோம். அவ்வளவுதான்."

பதினாலாவது ஸ்லைடு வந்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இறங்கி வருவதற்குள் தொடக்க உரை அவனுக்கு என்று பேச்சாகிவிட்டது. என்ன பேசப்போகிறான் என்று இன்றைக்கே நாலு வரி எழுதி அனுப்பினால் போதுமாம்.

சாயங்காலம் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தான். மனைவி மேசையில் இன்னொரு வகுப்பின் விடைத்தாள்களை அடுக்கி வைத்திருந்தாள், அவன் லேப்டாப்புக்காகத்தான் காத்திருந்தாள். மாநாட்டைப் போனில் நேரலையாகப் பார்த்ததாகச் சொன்னாள்.

"உங்க பேச்சை இன்னைக்குத்தான் முதல் தடவையா முழுசா பார்த்தேன். எப்பவும் பாதியில கண்ணை மூடிக்குவேன்."

அவன் அசடு வழியச் சிரித்தான். பேச்சு எப்படி என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவளே கேட்டுவிட்டாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை. கணக்கில் நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் பிள்ளைகளிடம் கேட்கிற அதே குரல்.

"ஆறு மாசம் யார் பக்கத்துல உட்கார்ந்தீங்க?"

அது பொதுவாகச் சொன்னது, மேடைக்காகச் சொன்னது, இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான் என்று அவன் மென்று விழுங்கினான். அவள் விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தினாள். அவன் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தான். நாலு வரி கேட்டு ஏற்கெனவே மெயில் வந்திருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த மெயிலைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்ததுதான் இன்னும் பெரிய வெட்கம்.

"இப்ப சொல்லட்டுமா," என்றாள் அவள், "இல்ல, புகாரா எழுதி அனுப்பட்டுமா?"

அவன் லேப்டாப்பை மூடினான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முதல் முதலாக வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாளிலிருந்து ஆரம்பித்தாள். இருபது நிமிடத்துக்கு மேலேயே ஆனது. நடுவில் யாரும் கைதட்டவில்லை.