டீக்கு வந்த டாக்சி

சிங்கப்பூரில் கட்சிகள் வேட்பாளரைத் தேடும் முறையே தனி. விளம்பரம் செய்ய மாட்டார்கள், தேநீருக்கு அழைப்பார்கள். கோப்பையை முன்னால் வைத்துவிட்டு, அதைக் குடிக்க விடாமல் கேள்வி கேட்பார்கள். பதில் பிடித்தால் மறுபடியும் ஒரு தேநீர். இப்படிச் சில சுற்றுகள்.

டாரியஸுக்கு இது கடைசிச் சுற்று. ஜூரோங்கில், அரசு மானியத்தில் நடக்கும் பயிற்சி நிலையம் ஒன்றில் அவன் பயிற்றுநர். தேர்தலில் நிற்பது நெடுநாள் ஆசை.

"நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பயணப்படி, சாப்பாட்டுப்படி கொடுக்கலாமா?" கட்சியின் தேர்வுக்குழுத் தலைவி உமாமகேஸ்வரி கேட்டார்.

"ஒரு காசுகூட வேணாம் மேடம். மக்கள் வரிப்பணத்துல நான் ஏன் சவாரி போகணும்?"

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின.

மாடியிலிருந்த கட்சி அலுவலகத்திலிருந்து படியிறங்கி சிராங்கூன் சாலைக்கு வந்ததும் கைபேசி அதிர்ந்தது. அவன் இங்கே வந்த டாக்சியின் கட்டணம் பயிற்சி நிலையத்தின் கணக்கில் சேர்ந்திருந்தது. டாக்சிச் செயலியில் சொந்தக் கணக்கு, அலுவலகக் கணக்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக எதில் போனோமோ அதுவே அடுத்த முறையும் தானாக நிற்கும். நாம்தான் மாற்ற வேண்டும். காலையில் அவன் அலுவலக வேலையாகக் கிளமெண்டி போயிருந்தான். பிறகு மாற்றவில்லை.

கீழே காப்பிக்கடையில் காத்திருந்த மனைவி செரினாவிடம் சொன்னான்.

"நாளைக்கு ஆபீஸ்ல பணத்தக் கட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? உக்காருங்க லா!"

உட்கார முடியவில்லை. சாலையோரம்வரை போனான், திரும்பினான், மறுபடியும் போனான்.

"பணத்தக் கட்டிடலாம். மேல சொன்ன வார்த்தைய என்ன பண்றது?"

"இப்ப மேல போனா, இவ்ளோ நாள் அலைஞ்சதெல்லாம் வேஸ்ட்."

போனான். மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். உமாமகேஸ்வரி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவன் டாக்சி விஷயத்தைச் சொன்னான். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அட, நிக்கிறதுக்கு முன்னாடியே அலவன்ஸ் வாங்கிட்டீங்களா தம்பி? அப்ப, பதில் மாறுதா?"

"மாறுது மேடம். படின்னு தனியா ஒண்ணு இருந்தா எல்லாரும் பாப்பாங்க, கேள்வி கேப்பாங்க. இல்லன்னா அந்தச் செலவு வேற ஒருத்தர் கணக்குல ஏறிடும். திருடணும்னு நெனைக்காமலே ஏறிடும். நானே ஏத்திட்டேனே."

"கட்சி சொல்றது நேர் எதிர், படியே கூடாதுன்னு. தெரியும்ல?"

"தெரியும்."

"நீங்க சொன்னத அப்படியே மத்தவங்ககிட்ட சொல்றேன். கூப்பிடுவாங்கன்னு சொல்ல முடியாது."

கீழே செரினா நிமிர்ந்து பார்த்தாள். "கூப்பிடுவாங்களா?"

"தெரியல."

அவள் பெருமூச்சு விட்டாள். அவன் கைபேசியை வாங்கி, வீட்டுக்கு டாக்சி அழைப்பதற்குமுன் கணக்கைத் தானே மாற்றினாள். அவன் இன்னும் உட்காரவில்லை.