இரண்டு நிறப் புள்ளி

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று நான் போட்ட சண்டையில் நியாயம் இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் எனக்குக் கூசுகிறது.

கண்காட்சிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் பழைய கிரேக்கக் கல்வெட்டுகளைப் பற்றிக் கண்காட்சி. எந்த ஊரில் எந்த வழக்குக் கிரேக்கம் பேசினார்கள், அக்கம்பக்கத்தில் வேறு என்னென்ன மொழிகள் இருந்தன என்று சுவர் முழுக்க ஒரு வரைபடம் கேட்டிருந்தார்கள். கல்வெட்டு கிடைத்த ஊருக்கு ஒரு புள்ளி. டோரிக் வழக்கு சிவப்பு, அயோனிக் நீலம், அயோலிக் பச்சை. அதுவரை தகராறில்லை.

"பக்கத்து நாடு லிடியா, காரியா, பிரிஜியா எல்லாத்துக்கும் கிரே அடிச்சு அதர்ஸ்னு போட்டுடுங்க ரமணன்," என்றார் எங்கள் மேலாளர் அமீரா. "ஜனங்க கிரீஸைப் பாக்கத்தான் வராங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அதர்ஸா? அவங்க ஊர்லயே அவங்க அதர்ஸா? நான் வந்து உங்க வீட்டு ஹால்ல உக்காந்துகிட்டு உங்களை அதர்ஸ்னு எழுதினா சும்மா இருப்பீங்களா?"

விடவில்லை நான். காரியாவில் இருந்த ஹலிகர்னாசஸ் என்ற துறைமுக ஊரை எடுத்துக் காட்டினேன். அங்கே குடியேறியவர்கள் டோரியர்கள். கல்லில் வெட்டியிருப்பதோ அயோனிக் வழக்கு. அதில் இருக்கும் பெயர்களைப் பார்த்தால், அப்பனுக்குக் காரியப் பெயர், மகனுக்குக் கிரேக்கப் பெயர். ஒரே வீட்டுக்குள் இரண்டு மொழியும் புழங்கியிருக்கிறது. அதற்கு எப்படி ஒற்றை நிறம் அடிப்பது? புள்ளியைப் பிளந்து பாதி நீலம், காரிய மொழிக்காகப் பாதி மஞ்சள் பூசினேன். கீழே ஒரு வரியும் எழுதி வைத்தேன்: 'கல்லில் எழுதாதவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.'

அமீராவுக்கு அது பிடித்துப்போயிற்று. பக்கத்திலேயே இன்னொரு பலகையில் சிங்கப்பூரையும் அதே முறையில் போடச் சொன்னார். பெயர் கொடுத்தவர்களின் வீட்டுக்கு ஒரு புள்ளி, வீட்டில் பேசும் மொழிக்கு ஒரு நிறம், இரண்டு மொழி என்றால் பிளந்த புள்ளி. தமிழுக்குச் சிவப்பு, தெலுங்குக்கு ஆரஞ்சு.

என் மனைவி கமலா மலேசியாவில் ஜொகூர்ப் பக்கம், குளாய்க்காரி. தெலுங்குக் குடும்பம். கல்யாணமான புதிதில் அவள் போனில் பேசுவதைக் கேட்டு, "ஏமண்டி, ஏமண்டி" என்று நான் கேலி செய்ததோடு சரி, அப்புறம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவாள். விளையாட்டுக்குத்தானே சொன்னோம் என்று நானும் விட்டுவிட்டேன்.

பலகை விஷயத்தைச் சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது.

"என்னங்க, நம்ம வீட்டுக்கும் ரெண்டு கலர்தானே? நான்னாகிட்டச் சொல்லட்டுமா?"

நான்னா என்றால் அவள் அப்பா, அப்பலசாமி மாமா.

"அவர் கூட்டாளிங்க காப்பிக்கடையில கிண்டல் பண்றாங்களாம். சிங்கப்பூர்ல கட்டிக் கொடுத்தியே, அங்க உன் பாஷையை யார் சீந்துறான்னு. போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுவாரு. பாவம், அவருக்கு அது ஒரு சந்தோஷம்."

"சொல்லு, சொல்லு," என்றேன். மறுநாள் வரைபடத்தில், மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மேல் பாதி சிவப்பு, பாதி ஆரஞ்சாக ஒரு புள்ளி வைத்தேன். சொன்னால் சொன்னபடி செய்கிறவன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமை.

பின்னால் வந்து நின்ற ரஞ்சன் திரையை எட்டிப் பார்த்தான். எங்கள் அலுவலகத்து வாயாடி.

"அண்ணே, இது உங்க ப்ளாக்தானே? நீங்க தெலுங்கா? ஏப்ரல் மாசம் ஆனா தமிழ்மொழி விழான்னு மைக்கை விடமாட்டீங்க, சொல்லவே இல்ல லா!"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை அது. "ஆமாம்டா, என் பொண்டாட்டி தெலுங்கு, அதுக்கென்ன?" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"சே சே, அதெல்லாம் இல்லப்பா. கை தவறி விழுந்துருச்சு," என்றேன். அவன் பார்க்கும்போதே புள்ளியை முழுச் சிவப்பாக்கினேன்.

அவன் போனதும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு, மாற்றினால் மண்டபத்தில் மறுபடி பார்ப்பானே என்று தோன்றியது. சாயங்காலம் அச்சுக்குப் போய்விட்டது.

"போட்டீங்களா?" என்று கமலா கேட்டாள்.

"போட்டாச்சு லா."

மாமாவுக்கு முட்டிவலி, எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன். வந்தார். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, பஸ் மாறி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். கிரேக்க வரைபடத்தின் முன்னால் நின்று, நான் எழுதிய வரியை வாய்விட்டுப் படித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க மாப்ள. பெரிய கூட்டத்துக்கு நடுவுல இருக்கிற சின்னக் கூட்டத்தை யாரு நெனச்சுப் பாக்குறா? நீங்க பாத்திருக்கீங்க."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

பிறகு சிங்கப்பூர்ப் பலகைக்கு நகர்ந்தார். ஒரு கையில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு, மறு கை விரலை உட்லண்ட்ஸில் வைத்து, மெல்ல மார்சிலிங்குக்குக் கொண்டுவந்தார். அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தேடினார்.

"எங்க மாப்ள நம்ம புள்ளி?"

இரண்டடி தள்ளி ரஞ்சன் நின்றுகொண்டிருந்தான்.

கமலா பலகையைப் பார்த்தாள். எங்கள் ப்ளாக்கின் மேல் இருந்த முழுச் சிவப்பைப் பார்த்தாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அங்கேயே நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பா, நம்ம வீடு இதுல வரலப்பா," என்றாள் தமிழில். "நான்தான் பேர் கொடுக்க லேட் பண்ணிட்டேன்."

அவள் அவரை நான்னா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பரவால்லம்மா. இத்தனூண்டு புள்ளிதானே," என்றார். "மாப்ள போட்ட அந்த ரெண்டு கலர் புள்ளிகிட்ட நின்னு ஒரு படம் எடுத்துக்குவோம். தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுப்பா."

போனை ரஞ்சனிடம் நீட்டினார். ஹலிகர்னாசஸின் கீழே என்னை நடுவில் நிறுத்தி, தோளில் கை போட்டுக்கொண்டார். "அண்ணே, சிரிங்கண்ணே!" என்றான் ரஞ்சன். சிரித்தேன். அந்தப் படம் குளாய்க் காப்பிக்கடைக்குப் போகும். அதில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

வீட்டுக்கு ரயிலில் திரும்பினோம். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கிசுகிசுவென்று தெலுங்கு ஓடும். அன்று இரண்டு பேரும் தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். முட்டிவலித் தைலம், அத்தையின் சர்க்கரை, கோயில் திருவிழா, எல்லாம் தமிழில். மாமா வார்த்தைக்குத் தடுமாறினார். கமலா எடுத்துக் கொடுத்தாள்.

பொறுக்க முடியாமல், "மாமா, நீங்க தெலுங்குலயே பேசுங்க மாமா," என்றேன்.

மாமா பெட்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். என் முட்டியில் தட்டிக் கொடுத்தார்.

"இருக்கட்டும் மாப்ள," என்றார் மெதுவாக. "நாலு பேர் இருக்கிற எடம். உங்களுக்குச் சங்கடம்."