தளத்தை அறுத்த மருமகள்

எங்கள் தெருப் பட்டறைக்காரர் டப்பா மூடி அடிக்கப் பெரிய பிரஸ் ஒன்றை இறக்கினார். அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒட்டிய வீட்டு அக்காவின் கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. அவள் விடுவாளா? "இன்னைக்கும் ஆடுச்சுன்னா பட்டறையை மூடிடணும்" என்று எல்லோர் முன்னாலும் சம்மதம் வாங்கிவிட்டாள்.

பட்டறைக்காரரின் இன்ஜினியர் மருமகளோ பிரஸ்ஸைச் சுற்றிக் கான்கிரீட் தளத்தையே அறுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தளத்தைக் கேக் மாதிரி வெட்டுறியேம்மா!"

"அடி விழுற அதிர்ச்சி தளத்து வழியாத்தான் சுவருக்கு ஓடுது மாமா. நடுவுல ரப்பர் வெச்சா பாதி திரும்பிடும், மிச்சத்தை ரப்பர் முழுங்கிடும்."

"முழுங்கலைன்னா?"

"நானும் உங்ககூடத் தெருவுக்கு வந்துடுறேன்."

பிரஸ்ஸுக்கு அடியிலும் அறுத்த இடுக்கிலும் ரப்பரைத் திணித்தாள்.

இதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குமா? அக்கா வீட்டுக் கூடத்தில் முதல் ஆளாக நின்றேன். அலமாரியின் மேலே, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எங்கோ 'டொப் டொப்' என்றது.

அக்காவுக்குக் கோபம். "யாருப்பா அது, கதவைச் சாத்திச் சாத்தி விளையாடுறது? பிரஸ் அடிக்கப்போறாங்க, சும்மா இருங்க!"

அப்போது மருமகள் கை நிறையப் புது மூடிகளோடு ஓடிவந்தாள். "அடிச்சாச்சுக்கா!"

டம்ளரில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. கூடமே கைதட்டியது.

பின்னாலேயே வந்த பட்டறைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "தளத்தை அறுக்கச் சொன்னதே நான்தானே!"