எடுத்தவர் பெயர்

மூக்குக் கண்ணாடியை வைத்தாயிற்று. வெற்றிலைப் பையையும் வைத்தாயிற்று. மூன்றாவதாக விஜேந்திரன் அந்தப் போனைச் சட்டை நுனியால் துடைத்துப் பெட்டிக்குள், அண்ணனின் வலது கைப்பக்கம் வைத்தபோது தெய்வானையின் ஒப்பாரி பாதியில் நின்றது.

அவள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே பாடிய கருப்பம்மா இன்னும் ஒரு வரியைத் தனியாக இழுத்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

"என்னா புள்ள?"

"போன உள்ளுக்கு வைக்கிறாரு."

"எந்தப் போன?"

"என்னோடத."

முந்தாநாள் காலை தொழிற்சாலைப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் தெய்வானையின் புருசன் இராசையா. வேனில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஹாலிஎல தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. அதுவரைக்கும் காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்த மனுசன் இல்லை. இப்போது லயத்து வீட்டின் முன் திண்ணையான இஸ்தோப்பில், வெள்ளைத் துணி கட்டிய கூரைக்குக் கீழே, கோட்டும் டையும் போட்டுக் கிடந்தார். உயிரோடு இருந்த காலத்தில் கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

"அண்ணனுக்கு ஒலகமே இந்தப் போன்தான்," என்று விஜேந்திரன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். செத்தவருக்குக் கூடப் பிறந்த தம்பி. தோட்டத்தில் சங்கத் தலைவர். எதையும் எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்வான். "அவரோட சாமான் அவரோடயே போகட்டும். அதான் மொற."

முறைதான், யார் இல்லை என்றார்கள்? செத்தவர் ஆசைப்பட்ட பொருளைப் பெட்டியில் வைக்க வேண்டும். வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது, எடுத்தால் வீட்டுக்கு ஆகாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் போன் அவர் பொருள் இல்லையே! இத்தனை பேர் கூடியிருக்கிற இடத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் மதுஷா, மூன்று தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்கென்று வாங்கி வந்த போன் அது. தெய்வானை அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் மடிப்பில் வைத்து மலைக்குக் கொண்டுபோவாள். தேத்தண்ணி குடிக்கும் நேரம், கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் நேரம், கங்காணி அந்தப் பக்கம் திரும்பும் நேரம். இவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. அதற்குள் படமாக எடுத்துத் தள்ளினாள். நிறுவைக் கொட்டிலுக்கு வெளியே குவிந்து கிடக்கும் செருப்புகள், அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவும் பெண், கூடையைத் தலையில் மாட்டியபடியே மூன்று பேர் சிரிக்கிற சிரிப்பு.

முகநூலில் ஊவா மாகாணத்து ஆட்களுக்கு 'ஊவாக் கண்' என்று ஒரு குழு இருந்தது. படமெடுக்கப் படிக்காத ஆட்கள் தாங்கள் எடுத்த படங்களைப் போட்டு, ஒருவருக்கொருவர் நல்லது கெட்டது சொல்லிக்கொள்ளும் இடம். ஆறாயிரம் பேர் இருந்தார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அவரவர் எடுத்த படத்தை மட்டும் போட வேண்டும், கீழே 'எடுத்தவர்' என்று பெயர் எழுத வேண்டும். தெய்வானைக்கு முகநூல் கணக்குக் கிடையாது. சங்கத்துச் செய்தி பார்ப்பதற்கென்று இராசையாவுக்கு அதே போனில் ஒன்று இருந்தது. முதல் படம் அதில்தான் போயிற்று. எடுத்தவர்: இராசையா.

"ஒன் பேரு போட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவான் புள்ள," என்றார் அவர். "கண்ட நாயும் மெசேஜ் போடும். ஆம்பள பேருன்னா ஒருத்தனும் கிட்ட வர மாட்டான்."

அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. 'இராசையா அண்ணே, என்ன கண்ணு அண்ணே உங்களுக்கு!' என்று எழுத ஆரம்பித்தார்கள். மனுசனுக்கு அது பிடித்துப்போயிற்று. யாருக்குத்தான் பிடிக்காது? படத்துக்குக் கீழே நாலு வரி எழுதுவது அவர் வேலை. அதை நன்றாகவே எழுதினார், பொய் சொல்லக் கூடாது. சாயந்தரம் அவள் ரொட்டி தட்டும்போது பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வந்த பாராட்டை எல்லாம் ஆளுக்கொரு குரலில் வாசித்துக் காட்டுவார். அவள் சிரித்த சிரிப்பில் மாவுக்குத் தண்ணீர் கூடிப்போகும். அந்தச் சந்தோசம் உண்மை. ஆனால் பதுளைக்குப் போகும்போதெல்லாம் படக்காரர் மாதிரி ஒரு தொப்பியை மாட்டத் தொடங்கினாரே, அதைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எப்பங்க சொல்லப் போறீங்க?"

"அடுத்த மாசம் பதுளைல எல்லாரும் கூடுறாங்கல்ல? ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போயி, எந்திரிச்சி நின்னு நானே சொல்றேன். சத்தியமா."

அந்த அடுத்த மாதம் மூன்று தடவை வந்து போயிற்று. இப்போது சொல்லாமலே படுத்துவிட்டார். செத்ததற்கு அழுவதா, சொல்லாமல் செத்ததற்குத் திட்டுவதா என்று தெரியாமல் தெய்வானை நேற்று முழுக்க இரண்டையும் சேர்த்தே பாடினாள். ஒப்பாரியில் யார் வார்த்தையைக் கவனிக்கிறார்கள்!

இஸ்தோப்புக்கு வெளியே ஜெயகுமார் பேசத் தொடங்கியிருந்தார். 'ஊவாக் கண்' குழுவை நடத்துகிறவர், பதுளையில் வாத்தியார். நான்கு பேரோடு வேனில் வந்திருந்தார். நல்ல மனிதர், உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த பெனரை லயத்து முனையில் கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் தொப்பியோடு இராசையா. மறுபக்கம் போன வருசம் பரிசு வாங்கிய படம்: வெட்டுக் காயத்துக்கு மேல் சைக்கிள் டியூப் சுற்றிய, கொழுந்துக் கறை ஏறிய பத்து விரல்கள்.

"கொழுந்து பறிக்கிற பெண்களோட வேதனைய ஒரு பெண்கூட இப்படிக் காட்டினதில்ல," என்றார் ஜெயகுமார். "ஒரு ஆண் தூர நின்னு இவ்வளவு கருணையோட பாத்திருக்காரு. அடுத்த மாசம் பதுளையில அண்ணனோட படங்கள வச்சு நினைவுக் கண்காட்சி ஒண்ணு செய்யப் போறோம். இந்தப் போன் அவரோட கண்ணு. அது அவரோடயே போறதுதான் அவருக்கு மரியாதை."

கருப்பம்மா எட்டி வாசலில் வெற்றிலையைப் புளிச்சென்று துப்பினாள். பெனரில் இருந்தவை அவளுடைய விரல்கள்.

"தூர நின்னாராமுல்ல? தொழிற்சால மாடியில கொழுந்து வாட்டிக்கிட்டு நின்ன மனுசன் நாலாம் நம்பர் மலையில எப்பிடிடி வந்து நின்னாரு? செத்தவர ஏசக் கூடாது. ஆனாலும் நோகாம நுங்கு தின்னுட்டுப் போயிட்டாரு ஒம் புருசன்."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். நீ சும்மா இருந்தீன்னா, நாளைக்கி மண்ண நோண்டித்தான் படம் பாக்கணும்."

குழுவில் போட்டது நூறோ நூற்றைம்பதோதான். போடாத படங்கள் ஆயிரத்துக்கு மேல் அந்தப் போனுக்குள்ளே இருந்தன. மூன்று வருச மலை, மூன்று வருச மழை, அவளோடு பறித்த அத்தனை பேருடைய முகம். பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரன் மூடியைத் தூக்கிக்கொண்டு, "மூடலாமா?" என்று கேட்டான்.

தெய்வானை எழுந்தாள். கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்க வருகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள். அவள் பெட்டிக்குள் கையை விட்டாள். அவர் விரல் பட்டது, சில்லென்று இருந்தது. அந்த ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்துவிடலாம் போல இருந்தது. அந்தக் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக்கொண்டாள்.

"மதினி!" விஜேந்திரன் பாய்ந்து வந்தான். "செத்தவரு சாமான்ல கை வைக்கக் கூடாது!"

"அவரு சாமான் இல்ல தம்பி. என்னோட போனு."

"ஓ! போனு ஒங்களோடதுன்னா, படமும் நீங்கதான் புடிச்சீங்களாக்கும்?"

இரண்டு மூன்று ஆண்கள் சிரிப்பை அடக்கினார்கள். மதுஷா பின்னாலிருந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "அம்மா, வேணாம்மா," என்றாள் காதுக்குள். "அப்பா மானம் போயிரும்."

அதுதான் சங்கதி. ஆமாம் என்றால் பெட்டிக்குள் கிடக்கிறவர் கள்ளன். இல்லை என்றால் தெய்வானை என்று ஒருத்தி படமே எடுத்ததில்லை. அவள் இராசையாவின் முகத்தைப் பார்த்தாள். பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் தீட்டி, யாரோ மாதிரி இருந்தார். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்த வார்த்தய சொல்ல வேண்டி வந்திருக்குமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் மட்டும் பதில் வரவா போகிறது!

"ஆமா," என்றாள். "எல்லாப் படமும் நான்தான் எடுத்தேன்."

ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தேவிட்டான். ஜெயகுமார் ஓடி வந்தார். "அம்மாவால தாங்க முடியல, பாவம். ஒக்கார வைங்க. யாராவது கொஞ்சம் சோடா குடுங்க." அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு விஜேந்திரனின் நக்கலை விட மோசமாகச் சுட்டது.

கருப்பம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே விரித்தாள். அதே டியூப் சுற்றல், அதே கறை. "வாத்தியாரே, இது யாரு வெரலு? நல்லாப் பாருங்க. இத எடுக்கையில இராசையா எங்க நின்னாருன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் விரல்களைப் பார்த்தார், பெனரைப் பார்த்தார். அதற்குள் விஜேந்திரன் கையைக் காட்ட, தப்பு மேளம் முழங்கத் தொடங்கிவிட்டது. பெட்டியை மூடினார்கள். பெண்களின் அலறலில் எல்லாப் பேச்சும் அமுங்கிப்போயிற்று. யாருக்கும் எதையும் யோசிக்க நேரம் இல்லை.

தண்ணித் தொட்டி வளைவு வரைக்கும்தான் பெண்கள் போகலாம். அதற்கு அப்பால் தேயிலைக்குள்ளே பாதை வளைந்து வளைந்து இறங்கி, ஆற்றோரத்து மயானத்துக்குப் போகும். வளைவில் பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆண்கள் இறங்கினார்கள். மெல்லிய தூறல். ஆறு பேர் தோளில் பெட்டி, முன்னால் தப்புக்காரர்கள், பின்னால் கறுப்புக் குடைகள்.

தெய்வானைக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருசம் கூட இருந்த மனுசன். எத்தனை கோபம் இருந்தாலும் அந்த ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் இனி யார் பலகை போட்டு உட்காருவார்? தேம்பித் தேம்பி அழுதாள். அழுதுகொண்டே பார்த்தாள், மேகத்தில் எங்கோ ஓட்டை விழுந்து, நனைந்த தேயிலை முழுக்க வெளிச்சம் இறங்குவதை. அழுகையும் நின்றபாடில்லை, கண்ணும் சும்மா இருக்கவில்லை.

பாதை ஓரத்தை விட்டு இரண்டடி இறங்கி, ஒரு தேயிலைச் செடியோடு ஒட்டிக் குந்தினாள். போனை உயர்த்தினாள்.

"அடி ஆத்தீ!" என்றாள் பின்னால் ஒருத்தி. "புருசன் பெட்டி போகுது, இவ படம் புடிக்கிறா பாரேன்!"

"ஒம் புருசன் போறப்ப நீ புடிக்காத," என்றாள் கருப்பம்மா. "இப்ப வாயப் பொத்திக்கிட்டு நில்லு."

தெய்வானை அவசரப்படவில்லை. பெட்டி மூன்றாவது வளைவுக்கு வந்து, தூக்கியவர்கள் தோள் மாற்றுவதற்காக ஒரு கணம் நின்றார்கள். அப்போது எடுத்தாள். ஒரே ஒரு படம்.

எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. எழுத்து எப்போதும் அவர் வேலை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி விரலால் குத்தினாள். திரையில் தூறல் விழுந்து எழுத்தை மறைத்தது, முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் விழுந்தது. பிறகு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மதுஷா பக்கத்தில் குந்தி, இரண்டு கையையும் குவித்துப் போனுக்கு மேலே பிடித்திருந்தாள்.

"எழுதும்மா," என்றாள்.

தெய்வானை எழுதினாள்: 'தோளில் போவது என் புருசன் இராசையா. நல்ல மனுசன். இதற்கு முன்னால் போட்ட படமெல்லாம் நான் எடுத்தது. எடுத்தவர்: தெய்வானை.'

அனுப்பினாள். மேலே கணக்கின் பெயர் இராசையா என்றுதான் விழுந்தது. பெட்டிக்குள் படுத்துப் போய்க்கொண்டிருந்தவர், தன் பெட்டியைத் தானே குழுவில் போட்டார்.

கீழே மலர்வளையம் பிடித்திருந்த பதுளைப் பையன்களில் ஒருவன் சட்டைப் பையைத் தொட்டான். இன்னொருவன் போனை வெளியே எடுத்தான். அவன் எட்டி ஜெயகுமாரின் தோளைத் தட்டினான். அவர் தன் போனைப் பார்த்தார், நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகத் தேயிலையை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, வளைவுக்குக் கீழே குந்தியிருந்தவளைக் கண்டுபிடித்தார்.

தெய்வானை முந்தானையை இழுத்து மூடவில்லை, எழுந்து ஒதுங்கவும் இல்லை. திரையை இரண்டு விரலால் விரித்து, அவர் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, அதையும் எடுத்தாள்.